நாலாம் வீட்டு வழி

நான் வரைந்து கொடுத்த வீடுகள் சிராங்கூன் ரோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இன்றும் நிற்கின்றன. நிற்காத வீடு ஒன்றே ஒன்றுதான். அதில்தான் நான் குடியிருந்தேன். இடித்தவர்கள் மேல் இருந்த கோபம் ஆறிவிட்டதா என்று சிலர் விசாரிக்கிறார்கள். ஆறவில்லை. ஆற வேண்டிய அவசியமும் எனக்குத் தெரியவில்லை.

என் தொழில் பிளான் வரைவது. அதற்கான படிப்போ பட்டமோ எனக்கு இல்லை. மீசை அரும்பும் வயதில் சர்வே துரைகளுக்கு நிலம் அளக்கும் சங்கிலி பிடித்தேன். பிறகு அவர்கள் அளந்ததைத் தாளில் இழுக்கக் கற்றுக்கொண்டேன். கை ஆடாமல் கோடு விழுந்ததால் படம் வரையும் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, என்னை உட்கார வைத்தார்கள். அந்த நாளில் வீடு கட்ட நினைக்கிற எவரும் பிளான் ஒன்று வரைந்து, கட்டட ஆபீசில் கொடுத்து, துரையின் முத்திரை வாங்கியாக வேண்டும். துரை முத்திரை குத்தாத சுவரைத் துரையே வந்து தள்ளிவிடலாம். கொஞ்ச காலத்தில் சர்வே வேலையை உதறிவிட்டு, சுண்ணாம்புக் கம்பம் என்ற எங்கள் குடியிருப்பிலேயே ஒரு மேசை போட்டு, ஊராருக்குப் பிளான் வரைந்து கொடுக்கத் தொடங்கினேன்.

துரைமார்களுக்கு நேர்கோடு என்றால் உயிர். எங்கள் சந்துகளுக்கோ அது ஆகவே ஆகாது. அவை வளைந்து கிடப்பதைப் பார்த்து, இவர்களுக்கு ஒழுங்கு தெரியாது என்று அவர்கள் சிரிப்பார்கள். எருமைகள் தண்ணீருக்குத் திரும்பிய இடத்தில் எங்கள் சந்து திரும்பியது. சுண்ணாம்புக் காளவாய்க்குச் சிப்பி ஏற்றி வந்த வண்டி ஒடித்து வளைந்த இடத்தில் மூலை மழுங்கியது. பெண்கள் குடத்தோடு நின்று பேசிய இடத்தில் அகலமானது. காரணமில்லாமல் வளைந்தது ஒன்றுகூட இல்லை. தாளை மட்டும் பார்க்கிறவனுக்கு அது தெரியாது, அவ்வளவுதான்.

இப்படிப் பேசுகிறேனே தவிர, நான் சொல்ல வந்த விவகாரத்தில் முதல் குற்றவாளி நான்தான்.

சங்கிலி பிடித்த காலத்திலேயே இந்தத் தப்பு நடந்தது. எங்கள் கம்பத்தின் நடுவே மாட்டுக்காரர்களின் வெற்று நிலம் ஒன்று இருந்தது. எதிர்ச் சந்து ஒன்று நேராக வந்து, குறுக்கே ஓடிய எங்கள் சந்தைக் கடந்து, அந்த நிலத்துக்குள் ஒற்றையடிப் பாதையாக நுழையும். பின்னால் நல்ல தண்ணீர்க் கிணறு இருந்தது. கிணற்றைத் தாண்டினால் மாட்டுக் கொட்டகைகள், அதற்கு அப்பால் அடுத்த ரோடு. கம்பம் முழுவதும் அந்த வழியாகத்தான் நடந்தது. அந்த நிலத்தை அளக்கப் போன அன்று மாட்டுக்காரர்கள் எங்களை மர நிழலில் உட்கார வைத்து மோர் கொடுத்தார்கள். துரை குடையின் கீழ் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் கிணற்றைக் குறித்தேன், சாக்கடையைக் குறித்தேன், கொட்டகைகளைக் குறித்தேன். பாதையைக் குறிக்கக் குனிந்தபோது மாட்டுக்காரர்களில் பெரியவர் என் பக்கத்தில் வந்து குத்தவைத்தார்.

"தம்பி, அதைக் கோடு போடாதீங்க. போட்டா, இங்க ஒரு வழி இருக்குன்னு சர்க்காருக்குத் தெரியும். தெரிஞ்சா எடுத்துக்குவான். நமக்குத் தெரிஞ்சாப் போதாதா?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எங்கள் ஆட்களின் புத்தியே அப்படி. சொந்தமானது எதையும் தாளில் ஏற்றாமல் வைத்துக்கொண்டால் அது பத்திரம் என்று நினைப்போம். வந்து கேட்டால் வாயால் சொல்லிக்கொள்ளலாம், ஊரே சாட்சி என்று இருப்போம். நான் கோடு போடவில்லை. அந்தப் படத்தின் ஓரத்தில் வரைந்தவன் என்று என் முதலெழுத்தையும் போட்டேன். மோருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

பல வருஷம் கழித்து, சிராங்கூன் ரோட்டில் டிராம் ஓடத் தொடங்கியிருந்த சமயம், மாட்டுக்காரர்கள் அந்த நிலத்தை ஒரு தோல் வியாபாரிக்கு விற்றார்கள். அவர் பரங்கிப்பேட்டைப் பக்கத்து முஸ்லிம். அவர் குடும்பம் இரண்டு தலைமுறையாகக் கப்பலும் கடையுமாக இங்கேயே இருந்தது. சந்தோரமாக வரிசையாக மாடி வீடுகள் ஏழு கட்ட வேண்டும், எல்லாம் ஒரே மாதிரி, சீக்கிரம் வேண்டும் என்று என் மேசைக்கு வந்தார்.

சீக்கிரம் என்ற சொல்லை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூன்று நாள் அந்தச் சந்தில் நடந்தேன். பழைய வீடுகளின் அஞ்சடி எவ்வளவு உயரம் என்று அளந்தேன். அஞ்சடி என்பது வீட்டு முகப்பில் மாடிக்குக் கீழே ஊரார் நடக்க விட வேண்டிய நடை. பழைய வீட்டு அஞ்சடியில் நடந்து வருகிற ஒருவர் புது வீட்டு அஞ்சடிக்குள் வரும்போது கால் தடுக்கக் கூடாது, தரை மாறியதே தெரியக் கூடாது என்பது என் கணக்கு. கூரையின் இறவாரம் எங்கே இறங்குகிறது, மழைத் தண்ணீர் யார் வாசலில் விழுகிறது என்று பார்த்தேன். சந்து வளைகிற இடத்தில் வீட்டு வரிசையும் வளைய வேண்டும் என்று தீர்மானித்தேன். முதல் மூன்று வீடும் ஒரு பக்கம் லேசாகத் திரும்பி, மற்றவை வேறு பக்கம் திரும்பி, நடுச் சுவர் ஒன்று மட்டும் ஆப்பு மாதிரி ஒரு முனையில் தடித்து நிற்கும்.

நாலாவது வீடு வருகிற இடத்தில்தான் கிணற்றுப் பாதை இருந்தது. அங்கே வீடு வந்தால் கம்பம் முழுவதும் சுற்றிக்கொண்டு கால் மைல் நடக்க வேண்டும். அதனால் அந்த இடத்தில் கீழ்த் தளத்தைத் திறப்பாக விட்டேன், கோட்டை வாசல் மாதிரி. மேலே மட்டும் ஓர் அறை வரும், அது மூன்றாம் வீட்டோடு சேர்ந்துகொள்ளும். ஏழு வீட்டுக்குப் பதில் ஆறு. முதலாளி முகத்தைச் சுளித்தார். ஆனால் தானும் பள்ளிவாசலுக்குத் தொழப் போக அந்தக் குறுக்கு வழியில்தான் நடக்கிறவர். சரி என்று விட்டார்.

கட்டட ஆபீஸ் துரை வளைவைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். சர்வே படத்தை விரித்தார். சாக்கடை அதில் வளைந்துதான் இருந்தது. அதனால் வளைவு பிழைத்தது. பிறகு நாலாம் வீட்டுத் திறப்புக்கு வந்தார். எதற்கு இது என்றார். பாதை என்றேன். எங்கே பாதை, காட்டு என்றார்.

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். படத்தில் கிணறு இருந்தது, கொட்டகை இருந்தது, பாதை இல்லை. ஓரத்தில் என் முதலெழுத்து மட்டும் மை மங்காமல் உட்கார்ந்திருந்தது. அது என் கை, நான்தான் போடாமல் விட்டேன் என்று உண்மையைச் சொன்னேன். துரை கோபப்படவில்லை. நிதானமாகத்தான் பேசினார். படம் பொய் என்றால் வரைந்தவன் பொய்யன், பொய்யனின் பிளானை இந்த ஆபீஸ் வாங்காது. படம் மெய் என்றால் அங்கே பாதை கிடையாது. இரண்டில் எது என்று நீயே சொல் என்றார். படம் மெய் என்றேன். ஏழு வீடாக வரைந்து கொண்டு வா என்றார்.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆனையாக இருந்தால் ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம், நான் சங்கிலி பிடித்தவன். வயிற்றுப் பிழைப்புக்காக ஊர் வழியை இரண்டாம் முறையும் அழித்துவிட்டு வந்தேன். என் வாழ்வில் நான் வெட்கப்படும் நாள் அது.

வீட்டில் சொன்னேன். என் மனைவி அப்போது முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். அந்தக் கிணற்றிலிருந்துதான் இரண்டு வேளையும் தண்ணீர் எடுத்தாள். அவள் என்னைத் தேற்றவில்லை.

"நீங்க சொவரு வைப்பீங்க. நாங்க கொடத்தை வச்சிக்கிட்டுப் பறந்து போகணுமா?" என்றாள்.

அந்தக் கேள்வி கிளப்பிய ஆத்திரத்தில்தான் அந்த யோசனை வந்தது. துரைக்கு வேண்டியது ஏழு வீடு. சரி, ஏழு வீடே தருகிறேன். ஆனால் வீட்டுக்குக் கதவு எங்கே வைக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லையே. நாலாம் வீட்டுக்கு மட்டும் முன் கதவை எதிர்ச் சந்துக்கு நேராக, இரட்டைக் கதவாக, குடம் சுமந்த இரண்டு பேர் இடிக்காமல் விலகிப் போகிற அகலத்தில் வைத்தேன். அதற்கு நேரே கூடத்தின் ஓரமாக ஒரு நடை போகும். முற்றத்தைப் பக்கவாட்டில் ஒதுக்கினேன். சமையல்கட்டைச் சுவரோரம் தள்ளினேன். நடைக்கு நேரே பின் கதவு, அதற்கு நேரே கொல்லைக் கதவு, கொல்லைக் கதவைத் திறந்தால் கிணறு. முன் வாசலில் நின்று பார்த்தால் கிணற்றுக் கப்பி தெரியும். துரையின் விதி ஒன்றையும் மீறவில்லை. தாளில் அது வீடு. தரையில் அது வழி.

துரை வெகுநேரம் பார்த்தார். நாலாம் வீட்டில் காற்றோட்டம் மிக நன்றாக இருக்கிறது, மற்ற வீடுகளையும் இப்படி வரைந்திருக்கலாமே என்று பாராட்டிவிட்டு முத்திரை குத்தினார். வெளியே வந்து ஆபீஸ் படியில் உட்கார்ந்து சிரித்தேன்.

முதலாளியிடம் மறைக்கவில்லை. கதவுகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக் காட்டினேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"வழிய மறிச்சு வீடு கட்டினா, மௌத்தாகி ஆண்டவன்கிட்டப் போன பொறவு அதுக்கும் நான் பதில் சொல்லணும் தம்பி. அதனால நீ செஞ்சது எனக்குச் சம்மதம்தான். ஆனா ஒண்ணு சொல்லு, ஊரே நடக்குற வீட்ல எவன் குடியிருப்பான்?"

நான் பிளானைச் சுருட்டிக்கொண்டு எழுந்தேன்.

கட்டிய சீன மேஸ்திரி பின் கதவுக்கு நிலை வைக்கும்போதே மலாயில் எச்சரித்தார். இப்படி நேருக்கு நேர் கதவு வைத்தால் முன்னால் வருகிற செல்வம் நிற்காமல் பின்னால் போய்விடும் என்றார். வீடு முடிந்தது. ஆறு வீட்டுக்கும் குடித்தனம் வந்துவிட்டது. நாலாம் வீடு காலியாகக் கிடந்தது. சீனர்கள் மேஸ்திரி சொன்னதையே சொன்னார்கள். மலாய்க்காரர்கள், பெண்கள் புழங்கும் இடத்தில் அந்நியர் நடப்பதா என்றார்கள். எங்கள் ஆட்களுக்கோ கதவு வரைக்கும் போகவே தேவைப்படவில்லை. எதிர்ச் சந்து நேராக வந்து வாசலில் முட்டுகிறது, தெருக்குத்து, குடும்பத்துக்கு ஆகாது என்று அஞ்சடியிலேயே திரும்பிப் போனார்கள். குத்து வந்து முட்டினால்தானே கெடுதல், இங்கே வந்தது வந்தபடியே பின் கதவு வழியாகப் போய்விடுமே என்று நான் வாதாடிப் பார்த்தேன். நீயே போய் இரேன் என்று ஒருவர் சொன்னார்.

இருக்கிறேன் என்றேன்.

வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனால் அங்கே பூகம்பம். நாலு பேர் நடக்கிற இடத்தில் நான் எப்படிப் பிள்ளை பெறுவேன் என்றாள் மனைவி. மாடியில் என்றேன். அதற்கும் சண்டை போட்டாள். பறந்து போகணுமா என்று கேட்டது நீதானே என்று நான் சொன்னதும்தான் அடங்கினாள். ஆனால் அவள் சும்மா அடங்குகிறவள் இல்லை. குடி போன அன்றே கம்பத்துப் பெண்களைக் கூப்பிட்டு வைத்துச் சட்டம் சொன்னாள். காலையில் அவள் வாசல் தெளித்த பிறகுதான் கதவு திறக்கும். விளக்கு வைத்ததும் மூடும். யாரும் உள்ளே எச்சில் துப்பக் கூடாது. சேற்றுக் காலைச் சாக்கில் துடைத்துவிட்டு வர வேண்டும். தண்ணீர் எடுத்துத் திரும்புகிற ஒவ்வொருவரும் நடையோரம் வைத்திருக்கிற அண்டாவில் ஒரு செம்பு ஊற்றிவிட்டுப் போக வேண்டும். அதன் பிறகு அவள் கிணற்றுக்கு நடந்ததே இல்லை. கட்டட ஆபீஸ் இவளிடம் பாடம் படித்திருக்கலாம்.

தெருக்குத்துக்குப் பரிகாரமாகப் பக்கத்து வீட்டார் முன் தூணில் ஒரு மாடம் குடைந்து சிறிய பிள்ளையார் வைத்தார்கள். வாடகை கேட்க வந்த முதலாளி அதைப் பார்த்தார். எண்ணெய்ப் புகை பட்டுப் பூச்சு கெட்டுப்போகும், மேலே ஒரு ஓடு பதித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னார்.

எங்கள் மகள் மாடியில் பிறந்தாள். கீழே குடங்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன. குழந்தையின் முதல் அழுகை கேட்டு, நடையில் நின்ற பால்காரர் ஒருவர் ஆணா பெண்ணா என்று மேலே பார்த்துச் சத்தமாகக் கேட்டார். குழந்தையின் முகத்தை நான் பார்ப்பதற்குள் சேதி கிணற்றடிக்குப் போய்விட்டது. காய்கறித் தோட்டத்துச் சீனர் காவடித் தடியைத் தோளில் மாற்றிக்கொண்டே போவார், மூங்கில் சுமந்த மலாய்க்காரர் போவார், கொட்டகைக்காரர்கள் புல்லுக்கட்டோடு போவார்கள். வாசற்படி மட்டும் கொஞ்சம் உயரம். படி இல்லாமல் நிலை வைக்கக் கூடாது என்று என் மனைவி பிடிவாதம் பிடித்ததால் வைத்தது. முதல் மாதம் எல்லோரும் அதில் விரலை இடித்துக்கொண்டார்கள். பிறகு பேசிக்கொண்டே வந்தாலும் சரி, தலையில் சுமை இருந்தாலும் சரி, அந்த இடத்தில் கால் தானாக உயரும்.

வம்பு ஒரு கன்றுக்குட்டியால் வந்தது. கொட்டகையில் கட்டியிருந்த எருமைக்கன்று ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு, தன் தாயும் பாட்டியும் நடந்த பாதை அது என்று எப்படித் தெரிந்துகொண்டதோ, கொல்லைக் கதவால் நுழைந்து, கூடத்தில் நின்று நிதானமாக மூத்திரம் பெய்துவிட்டு முன் வாசல் வழியாகப் போனது. வீட்டுக்குள் மாடு வளர்க்கிறார்கள் என்று எவனோ புண்ணியவான் மனுப் போட்டான். மறு வாரம் கட்டட ஆபீஸ் துரையே ஓர் இன்ஸ்பெக்டரோடு வந்து இறங்கினார். காலை வேளை, தண்ணீர் எடுக்கிற நேரம்.

துரை முற்றத்தோரம் நின்றார். ஒரு பெண் குடத்தோடு உள்ளே வந்தாள், செம்பு தண்ணீரை அண்டாவில் ஊற்றினாள், வெளியே போனாள். அடுத்தவள் வந்தாள். அதற்கடுத்து இரண்டு பேர். துரை கையில் நோட்டு வைத்திருந்தார். இன்ன அளவு வீட்டில் இன்னத்தனை பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஒரு சட்டம் உண்டு. எண்ணத் தொடங்கினார். வீடு என்று முத்திரை வாங்கிவிட்டு வழி கட்டினேன் என்று அவர் எழுதிவிட்டால் என் மேசை அன்றோடு மூடிவிடும், கொல்லைக் கதவைச் செங்கல் வைத்து அடைத்துவிடுவார்கள். இவர்களெல்லாம் யார் என்று இன்ஸ்பெக்டர் என் மனைவியைத் தமிழில் கேட்டார். அவர் எங்கள் ஆள்தான்.

"சொந்தக்காரங்க" என்றாள்.

அந்த நேரம் பார்த்துக் காய்கறிச் சீனர் தடியும் கூடையுமாக உள்ளே வந்தார். இவருமா என்றார் இன்ஸ்பெக்டர். இவரும்தான் என்றாள். சொந்தக்காரர்கள் எதற்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகிறார்கள் என்று கேட்டார்.

"சொந்தக்காரங்க வெறுங்கையோட வருவாங்களா?"

இன்ஸ்பெக்டர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். துரை எண்ணுவதை நிறுத்திவிட்டார். முன் வாசலைப் பார்த்தார், திரும்பிக் கிணற்றைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. காற்றோட்டம் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டார். குடியிருப்பவர் மூவர், மாடு இல்லை, விருந்தினர் அதிகம் என்று அவர் நோட்டில் எழுதியதாக ஆபீஸ் கிராணி ஒருவர் பிறகு என்னிடம் சொன்னார். துரைமார்களில் அவரை மட்டும் நான் திட்டுவதில்லை.

அப்படியே வருஷங்கள் ஓடின. மகள் பள்ளிக்கூடம் போகும் வயது வந்தது. அந்தத் துரை கப்பலேறிப் போய், வேறு துரை வந்தார். ஊரில் நோய் அதிகம், வீடுகள் நெருக்கம், காற்று புக வேண்டும், மலம் அள்ளுகிறவர்கள் வீட்டுக்குள் வராமல் பின்னால் வந்து போக வேண்டும் என்று சொல்லி, வரிசை வீடுகளுக்குப் பின்னும் நடுவிலும் சந்து வெட்டத் தொடங்கினார்கள். எங்கள் வரிசையில் எதை உடைப்பது என்று பார்த்தார்கள். நாலாம் வீட்டுக்கு முன்னும் பின்னும் நேர்க்கதவு, நடுவில் தடுப்பு இல்லை, உடைப்பது எளிது. என் பிளானே என் வீட்டைக் காட்டிக் கொடுத்தது. முதலாளி அதற்குள் காலமாகிவிட்டார். அவருடைய மகன் சர்க்காரோடு எனக்கு எதற்கு வழக்கு என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

குடியிருப்பவன் என்ற முறையில் எனக்கும் நோட்டீஸ் வந்தது. ஆட்சேபம் இருந்தால் மாற்று இடம் காட்டலாம் என்று அதில் இருந்தது. எனக்கா காட்டத் தெரியாது? அரை மணி நேரத்தில் வரைந்துவிட்டேன். வரிசையின் கடைசியில் ஏழாம் வீட்டில் ஒரு சலவைக்காரர் குடும்பம் இருந்தது. அதை எடுத்தால் சந்து கிணற்றைத் தொடாமல் இன்னும் நேராகப் போகும், துரையின் மனம் குளிரும். நாலாம் வீடு தப்பிவிடும். ஆனால் இடிக்காமல் விடும் வீடுகளின் பின்கட்டுகள் எல்லாவற்றையும் அடைத்துச் சுவர் எழுப்பச் சொல்லியிருந்தார்கள், எனவே கிணற்று வழி போய்விடும். நான் அதை யோசிக்கவே இல்லை என்று சொல்லமாட்டேன். யோசித்துத்தான் வரைந்தேன். என் மகள் பிறந்த மாடியை இடிக்க விடக் கூடாது என்பது மட்டும்தான் அன்று எனக்குத் தெரிந்தது.

மனைவி வந்து பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. பிளான் பார்க்கத் தெரியும். என்னோடு குடித்தனம் பண்ணிப் பழகியது.

"வழி வேணும்னு அன்னிக்கு ஆபீசுல போயி நின்னது நீங்கதானே? இப்பத் தர்றாங்க. வாங்கிக்குங்க."

நான் கேட்டது வழி, அவர்கள் எடுப்பது வீடு என்று கத்தினேன். அவள் அண்டாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன், இதில் மறைக்க என்ன இருக்கிறது. நாங்கள் அழுதுகொண்டிருந்தபோதே சலவைக்காரர் மனைவி குடத்தோடு வந்தாள். எங்களைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் ஒரு செம்பு ஊற்றிவிட்டுப் போனாள். ஏழாம் வீட்டுக்காரி. அவள் வீட்டைத்தான் நான் தாளில் இடித்து வைத்திருந்தேன்.

ஆட்சேபத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். அதுவரைக்கும் என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. மேசையில் பெரிய படம் விரித்திருந்தது. பழைய சர்வே படத்தை வைத்துத்தான் இழுத்திருந்தார்கள். ஓரத்தில் என் முதலெழுத்தையும் அப்படியே படி எடுத்திருந்தார்கள். நாலாம் வீட்டின் குறுக்கே சிவப்பு மையில் இரண்டு கோடு. கோடுகளுக்கு நடுவே ஆங்கிலத்தில் 'புதிய சந்து' என்று எழுதியிருந்தது. அதன் கீழே அறிந்தேன், ஒப்புகிறேன் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும்.

புதிய சந்தாம்! எருமைகள் போட்ட வழி, நான் மறைத்த வழி, என் மனைவி வாசல் தெளித்துத் திறந்த வழி, ஊர் காலால் தேய்த்த வழி. பேனாவை மையில் தோய்த்து, 'புதிய' என்ற சொல்லை அடித்துவிட்டு, மேலே 'பழைய' என்று எழுதினேன். பக்கத்தில் மீண்டும் என் முதலெழுத்தைப் போட்டேன். கிராணி எழுந்து நின்றுவிட்டார். துரை வந்தார். சர்க்கார் படத்தில் கை வைக்க நீ யார், இதற்கு என்ன ஆதாரம் என்றார்.

ஓரத்தில் இருந்த பழைய எழுத்தைக் காட்டினேன். இந்த நிலத்தை வரைந்தவன் நான், அன்று வழி இருந்தது, நான்தான் கோடு போடாமல் விட்டேன், நானே ஆதாரம் என்றேன். அப்படியானால் பொய்ப் படம் வரைந்தவன் நீ, உன் பெயரை அடித்துவிடுவேன், இனி உன் பிளான் ஒன்றும் இங்கே வராது என்றார். முன்பு ஒரு நாள் இதே வார்த்தைக்குப் பயந்துதான் வாயை மூடிக்கொண்டு வந்தேன். இந்த முறை பயம் வரவில்லை. அடியுங்கள், ரூல் தடி வைத்து நேராக அடியுங்கள் என்று சொல்லிவிட்டு, பையிலிருந்த ஆட்சேபத்தைக் கிழித்து அவர் மேசைக் கூடையிலேயே போட்டுவிட்டு வந்தேன்.

அடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் வரைந்த பிளான்களில் வேறொருவர் கையெழுத்து இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. வீடுகள் என்னுடையவை என்று அவற்றின் அஞ்சடியில் நடக்கிற கால்களுக்குத் தெரியும்.

வீட்டை இடிக்க நாலு நாள் ஆனது. நாங்கள் இரண்டு சந்து தள்ளிக் குடி போயிருந்தோம். ஐந்தாம் நாள் காலை மனைவி குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள், நானும் கூடப் போனேன். மூன்றாம் வீட்டுக்கும் ஐந்தாம் வீட்டுக்கும் நடுவே வானம் தெரிந்தது. இரண்டு பக்கச் சுவரிலும் எங்கள் மாடியின் உத்தரத் துளைகள் இருந்தன. தரை முழுவதும் மண் போட்டுத் திமிசு அடித்து மட்டமாக்கியிருந்தார்கள். வாசற்படிக் கல்லையும் எடுத்துப் போயிருந்தார்கள். பெண்கள் வழக்கம்போலப் போய்க்கொண்டிருந்தார்கள். சலவைக்காரர் மனைவி முன்னால் போனாள். எங்கள் வாசல் இருந்த இடம் வந்ததும், பேச்சு நிற்காமலே, காலைத் தூக்கி வைத்துத் தாண்டினாள். அவளுக்குப் பின்னால் வந்தவளும் தூக்கி வைத்தாள். கூடையோடு எதிரே வந்த சீனரும் தூக்கி வைத்தார். அந்தச் சந்துக்குப் பெயர்ப் பலகை இன்றுவரை வைக்கவில்லை. கம்பத்தில் அதை நாலாம் வீட்டு வழி என்றுதான் சொல்கிறார்கள்.

என் மனைவி ஒரு கணம் நின்றாள். பிறகு சேலையைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டு, அங்கே இல்லாத படியைத் தாண்டிப் போனாள். பின்னால் போன நானும் காலைத் தூக்கித்தான் வைத்தேன்.